வருகைப் பதிவேடும் வரவு செலவும்: ஆரணிப் பள்ளிகளை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஆரணி என்றவுடன் பட்டும் அரிசியும் நம் நினைவுக்கு வருகின்றன. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இந்நகரின் பட்டுச் சேலை புவிசார் குறியீடு பெற்றது. இங்குள்ள ஆலைகளில் அரைபடும் அரிசி வெளியூர்ச் சந்தைகளிலும் பெயர் பெற்றது. தொழிலால் இத்துணைப் புகழ் பெற்ற ஊர் கல்வியில் எந்நிலையில் நிற்கிறது என்னும் வினாவை நம்மில் பலர் எழுப்பியதில்லை. அவ்வினாவை எழுப்பி, இயன்றவரை விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளிக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் மாணவர் தொகை, பொருள்நிலை, தேர்வு முடிவு ஆகிய மூன்றையும் தனித்தனியே பேசுவது வழக்கம். தலைமையாசிரியர் முதலாவதைப் பற்றிக் கவலைப்படுவார். நிர்வாகத்தார் இரண்டாவதைப் பற்றி. பெற்றோரும் ஊராரும் மூன்றாவதைப் பற்றி. ஆழ்ந்து நோக்கின் இம்மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பக்கங்கள் என்பது புலனாகும். அக்கணக்கின் முதல் வரி வகுப்பறையின் வருகைப் பதிவேட்டில் எழுதப்படுகிறது.

ஊரும் மக்களும்

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஆரணி, 1989 செப்டம்பரில் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை மாவட்டத்தின் பகுதியாயிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 63 ஆயிரத்தைத் தாண்டியது. சுற்றிலும் ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் முதலிய நெசவுச் சிற்றூர்கள் அமைந்துள்ளன. அவ்வூர்களின் தறிகளும் ஆரணிச் சந்தையை நம்பியே இயங்குகின்றன.

இங்கு வாழ்வோர் ஒரே மொழியினர் அல்லர். தமிழ் பேசுவோருடன் தெலுங்கு, சௌராட்டிரம், உருது ஆகியவற்றை வீட்டு மொழியாகக் கொண்டோரும் கலந்து வாழ்கின்றனர். ஆதலின் முதல் வகுப்பில் வந்து அமரும் குழந்தைகளுள் சிலருக்குப் பாடநூலின் மொழி வீட்டில் கேட்ட மொழியாக இருப்பதில்லை. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் பத்தாம் வகுப்பு வரை படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. அதன் பயனை அடைய, இக்குழந்தைகளுக்கு முதலிரண்டு வகுப்புகளில் கூடுதல் கவனம் தேவை. அக்கவனத்தைத் தர ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் எண்ணிக்கையோ வேறொன்றைச் சார்ந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

மாவட்டத்தின் எழுத்தறிவு நிலையையும் ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். 2011இல் மாநிலத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்தபோது திருவண்ணாமலை மாவட்டத்தில் அது 74 விழுக்காடாகவே இருந்தது. ஆடவருள் 83 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றிருக்க, பெண்டிருள் 65 விழுக்காட்டினரே பெற்றிருந்தனர். அன்று எழுத்தறியாதிருந்த இளம் பெண்களுள் பலர் இன்று பள்ளிச் சிறுவர்களின் தாய்மார். வீட்டுப் பாடத்தைப் பெற்றோர் கவனிப்பதில்லை என்று குறைகூறும் ஆசிரியர்கள் இப்புள்ளியை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

தறியும் பள்ளியும்

கைத்தறி ஒரு குடும்பத் தொழில். தறியில் அமர்பவர் ஒருவரேயாயினும் அவர் நெய்வதற்கு வீட்டார் அனைவரின் உழைப்பும் வேண்டும். பட்டு இழையைச் சுற்றுதல், ஊடைக்குத் தார் சுற்றுதல், விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துச் சரிசெய்தல், புதிய பாவைப் பழைய பாவுடன் இழை இழையாகப் பிணைத்தல் ஆகிய அனைத்தும் பல கைகள் சேர்ந்து செய்யும் வேலைகள். உடலும் கரையும் வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்குத் தறியின் மறுபக்கத்தில் நாடா எறிய இன்னொருவர் வேண்டும். பலகாலமாக அவ்விடத்தில் அமர்ந்தவர் வீட்டுச் சிறுவரே.

முதலாளியிடம் கைக்கூலிக்கு நெய்யும் குடும்பம் முன்பணம் பெறுவது வழக்கம். மகளின் திருமணம், மருத்துவச் செலவு, வீட்டு வாடகை என முன்பணத்திற்குக் காரணங்கள் பல. முன்பணம் தீரும்வரை நெசவு நிற்கலாகாது. நெசவு நில்லாதிருக்கப் பிள்ளையின் கையும் வேண்டியதாகிறது. 2019-20இல் நடைபெற்ற நான்காவது அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின. இத்தகைய குடும்பத்தில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது கட்டணமில்லாக் கல்வியாயினும் செலவில்லாக் கல்வி ஆகாது. அப்பிள்ளை தறியருகில் இல்லாத பொழுதே அக்குடும்பம் செலுத்தும் கட்டணம்.

சட்டம் இதனை அறியாததன்று. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவையும் சாயமிடுதலையும் குழந்தைகளுக்கு விலக்கிய பணிகளின் பட்டியலில் சேர்த்தது. எனினும் குடும்பத்தார் தம் வீட்டில் நடத்தும் தொழிலுக்கு விதிவிலக்கு அளித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று கூறிற்று. ஆயின் பள்ளி நேரம் தவிர்ந்த பொழுதிலும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்ற இடத்தை விட்டுவைத்தது. வீடே தொழிற்கூடமாக உள்ள ஓரூரில், உதவி எங்கு முடிகிறது, உழைப்பு எங்குத் தொடங்குகிறது என்பதை எந்த ஆய்வாளரும் எளிதில் வரையறுக்க இயலாது. வருகைப் பதிவேடு மட்டுமே அதனை உள்ளவாறு காட்டும். தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் திருமண மாதங்களிலும் சேலைக்கான தேவை மிகும். இடைப்பருவத் தேர்வுகளும் அரையாண்டுத் தேர்வும் அரசுப் பொதுத் தேர்வும் அதே மாதங்களை ஒட்டியே வருகின்றன.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மூடப்பட்ட பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் பள்ளி இல்லை. வீட்டில் தறி இருந்தது. அக்காலத்தில் தொழில் கற்றுக்கொண்ட கைகள் அனைத்தும் திரும்ப எழுதுகோலைப் பற்றின என்று நாம் எண்ணிக்கொள்ளலாகாது.

பள்ளியின் பொருள்நிலை

பள்ளிகளுக்குப் பொருள் வரும் வழி நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் சிறு சிறு பள்ளி மாவட்டங்கள் உள்ளன. அவற்றின் வருவாயில் கணிசமான பகுதி அவ்வவ்வூர்ச் சொத்து வரியிலிருந்து வருவது. ஆகவே செல்வர் வாழும் ஊரின் பள்ளி செழித்தும் ஏழையர் வாழும் ஊரின் பள்ளி நலிந்தும் இருப்பதுண்டு. டெக்சாஸ் மாநிலத்து ஏழைப் பெற்றோர் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், இவ்வேற்றுமை அரசியலமைப்புக்கு மாறானதன்று என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்தது.

நம் மாநிலத்து முறை அதனினும் நேரியது எனலாம். நகராட்சி சொத்து வரியுடன் கல்வி வரியையும் பெறுகிறதெனினும், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் ஊதியத்தை மாநில அரசே ஏற்கிறது. பள்ளிச் செலவில் மிகப் பெரும் பகுதி ஊதியமே. ஆகவே ஆரணியின் ஏழைமை ஆரணிப் பள்ளியின் ஊதியப் பட்டியலை நேராகத் தாக்குவதில்லை.

உதவி பெறும் பள்ளிகள் பற்றி நம் சமுதாயப் பெரியோர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1991-92ஆம் கல்வியாண்டிலும் அதன் பின்னரும் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் அரசு மானியம் இல்லை என்பது தமிழ்நாட்டுச் சட்டம். ஆதலின் அதற்கு முன் நம் முன்னோர் தொடங்கிவைத்த உதவி பெறும் பள்ளி ஒவ்வொன்றும் எளிதில் திரும்பப் பெற முடியாத சொத்து. அதில் ஒரு பணியிடம் மாணவர் குறைவால் மறையுமாயின், இழப்பு அவ்வாண்டோடு முடிவதன்று.

எண்ணிக்கை குறைந்தால்

இனி, முன்னர்க் குறிப்பிட்ட அவ்வொன்றுக்கு வருவோம். ஊதியம் அரசினுடையது, ஆயின் எத்தனை ஆசிரியர்க்கு ஊதியம் என்பதை முடிவு செய்வது மாணவர் எண்ணிக்கை. ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் நாள் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைக் கொண்டே பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர், 120 வரை நால்வர். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஆண்டு மானியமும் எண்ணிக்கையைப் பொறுத்ததே. அத்திட்டத்தின் நெறிமுறைப்படி 31 முதல் 100 மாணவர் உள்ள அரசுப் பள்ளிக்கு 25,000 ரூபாய். 101 முதல் 250 வரை 50,000 ரூபாய்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். நெசவாளர் தெருவொன்றில் 103 பிள்ளைகள் பயிலும் அரசுத் தொடக்கப் பள்ளி இருப்பதாகக் கொள்வோம். அதற்கு நான்கு ஆசிரியர். மானியம் 50,000 ரூபாய். அப்பள்ளியில் பதினான்கு பிள்ளைகள் குறைகின்றனர். சிலர் குடும்பத்தோடு வேலை தேடி வெளியூர் சென்றனர். சிலர் ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு மாறினர். தெருவில் பிறப்பும் குறைந்தது. எண்ணிக்கை 89 ஆகிறது. உடனே ஆசிரியர் மூவர். மானியம் 25,000 ரூபாய். ஏழில் ஒரு பங்கு மாணவர் குறைய, ஆசிரியருள் நான்கில் ஒரு பங்கும் மானியத்தில் பாதியும் குறைந்துவிடுகின்றன. வகுப்புகளோ முன்போல் ஐந்துதான். எஞ்சிய மூவருள் இருவர் இரண்டிரண்டு வகுப்புகளை ஒருங்கே நடத்த வேண்டும். கூடுதல் கவனம் வேண்டிய முதல் வகுப்புக் குழந்தைக்கு அது கிட்டாமற் போகிறது. அதனைக் கண்ட அடுத்த வீட்டுப் பெற்றோர், கடன் வாங்கியேனும் தம் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்கின்றனர். அக்கடனை அடைக்கத் தறியில் இன்னொரு கை வேண்டியதாகிறது. அது பெரும்பாலும் மூத்த பிள்ளையின் கை. இவ்வாறு எண்ணிக்கை பணத்தையும், பணம் தரத்தையும், தரம் மீண்டும் எண்ணிக்கையையும் குறைக்கின்றன.

பிறப்பு குறைந்தமையை எவரும் மாற்ற இயலாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8 மட்டுமே. குழந்தைகள் குறைந்த காலத்தில், இருக்கும் ஒவ்வொரு குழந்தையின் வருகையும் முன்னைவிட மதிப்புடையதாகிறது.

மேலிருந்து வரும் பணமும் தடையின்றி வரும் என்று கூறுவதற்கில்லை. 2024-25இல், பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழகம் இணையாமையைக் காரணமாகக் கொண்டு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாநிலத்திற்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. அரசுகளுக்கிடையே எழும் வழக்கில் நியாயம் யார் பக்கமாயினும், அதன் சுமை சிற்றூர்ப் பள்ளி வரை இறங்குகிறது.

தேர்வு முடிவுகள் கூறுவது

2024ஆம் ஆண்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுப் பொதுத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 94.56 விழுக்காடு. திருப்பூர் மாவட்டம் 97.45 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது. திருவண்ணாமலை மாவட்டம் 90.47 விழுக்காட்டுடன் கடைசி இடத்தில் நின்றது. அதே தேர்வில் மாநில அளவில் மாணவியர் 96.44 விழுக்காடும் மாணவர் 92.37 விழுக்காடும் தேர்ச்சி பெற்றனர்.

இவ்வெண்களைக் கண்டு ஆசிரியரை நோவது எளிது. ஆயின் தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியோருள் எத்தனை பேர் வென்றனர் என்பதை மட்டுமே கூறும். ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுவிட்ட சிறுவன் அவ்விழுக்காட்டில் தோற்றவனாகவும் எண்ணப்படுவதில்லை. அவன் அக்கணக்கிலேயே இல்லை. நலிந்த பிள்ளைகளை இடையிலேயே இழந்துவிடும் பள்ளி உயர்ந்த விழுக்காட்டைக் காட்டிவிடலாம். அவர்களை விடாமல் பற்றி இறுதிவரை அழைத்துவரும் பள்ளி சில புள்ளிகள் தாழ்ந்து நிற்கலாம். இவ்விரண்டனுள் எது சிறந்த பள்ளி என்பதைத் தேர்ச்சிப் பட்டியல் நமக்குக் கூறாது.

எம் வகுப்பில் ஆரணிப் பக்கத்து மாணவர் ஒருவர் பயின்றார். நன்கு படிப்பவர். ஒருநாள் உரையாடலின்போது, "ஐயா, படிப்பில் எங்கள் அண்ணன்தான் என்னைவிடக் கெட்டிக்காரர். முன்பணம் இருந்ததால் ஒன்பதாவதோடு நின்றுவிட்டார். அவர் தறியில் உட்கார்ந்ததால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். தம்பியின் பெயர் எம் பதிவேட்டில் இருந்தது. அண்ணனின் பெயரை நாங்கள் கேட்டு அறிந்ததுகூட இல்லை. கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர்களைக் கொண்டே ஒரு சமுதாயத்தின் கல்வியை அளந்துவந்த எமக்கு அன்று தலை குனிவே ஏற்பட்டது.

உதவிகளும் அவற்றின் விதிகளும்

பிள்ளையின் பொழுதுக்கு ஈடு செய்தாலன்றி ஏழைக் குடும்பம் அவனைத் தறியிலிருந்து விடுவிக்க இயலாது என்பதைத் தமிழகம் நெடுநாள்களுக்கு முன்பே உணர்ந்தது. பெருந்தலைவர் காமராசர் காலத்தில் 1956இல் விரிந்த மதிய உணவுத் திட்டமும், 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் அவ்வுணர்வின் விளைவுகளே. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2024இல் ஊரகத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் 2025இல் நகர்ப்புறத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. வங்கதேசம் 1994 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவியர்க்கு, குறிப்பிட்ட அளவு வருகை இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையுடன் நாடெங்கும் உதவித்தொகை வழங்கிற்று. பெண் கல்வியில் அந்நாடு கண்ட முன்னேற்றத்திற்கு அதுவும் ஒரு காரணம்.

உதவிகள் உள்ளன, அவற்றின் விதிகளைப் பெற்றோர் அறியாமையால் இழப்புகளும் உள்ளன. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் உயர்கல்வி பயிலும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. அவள் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருத்தல் வேண்டும். 2024 டிசம்பர் இறுதியில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற மாணவியர்க்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிற்று. 2020இல் மருத்துவப் படிப்பிலும் 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிலும் அளிக்கப்பட்ட 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கே உரியது. கடன் வாங்கி இடையில் ஓரிரண்டு ஆண்டுகள் தனியார் பள்ளிக்கு மாற்றிப் பின் மீண்டும் அரசுப் பள்ளிக்கே அழைத்து வரும் தந்தை, தம் பிள்ளையின் நலம் நாடியே அவ்வாறு செய்கிறார். அதனால் பிள்ளை எதனை இழக்கிறது என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்வார் இல்லை.

சிறுபான்மை மாணவர்க்கான நிலையும் மாறியுள்ளது. சச்சார் குழு 2006இல் அறிக்கை அளித்த பின் ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை வழங்கப்பட்ட ஒன்றிய அரசின் பள்ளிப்படிப்பு உதவித்தொகை, 2022-23 முதல் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. அத்தொகை சிறிதேயாயினும், அது நின்ற இடத்தில் சமுதாயத்தின் கை நீள வேண்டியுள்ளது.

நாம் செய்யக் கூடியவை

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919ஆம் ஆண்டிலும், மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965ஆம் ஆண்டிலும் தோன்றியபோது, இவ்வட்டாரத்துப் பெரியோர் கட்டடம் எழுப்பிக் கொடுத்தனர். அன்றைய தேவை கட்டடம். இன்றைய தேவை சிறியது. ஆனால் நாள்தோறும் கவனிக்க வேண்டியது.

முதலாவதாக, தறி நிறைந்த வீட்டில் பிள்ளை அமர்ந்து படிக்க இடமில்லை. தெருவுக்கு ஒரு மாலைப் படிப்பகம் வேண்டும். அதற்கு விளக்கும் பாயும் ஒருவரின் மேற்பார்வையும் போதும். சமுதாயக் கூடங்களும் மதரசா அறைகளும் மாலையில் இரண்டு மணி நேரம் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கலாம். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் இதனைச் செய்து காட்டினர். நம் கல்லூரி மாணவர்கள் வாரத்திற்கு ஒரு மாலை அளிப்பின் அது தொடரும்.

இரண்டாவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அக்கூட்டத்தில் நெசவாளர் வீட்டுத் தாய்மார் அமர்ந்து, தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயர்களை மாதந்தோறும் கேட்டறிய வேண்டும். பெயர் தெரிந்தால் வீடு தெரியும். வீடு தெரிந்தால் காரணம் தெரியும்.

மூன்றாவதாக, அக்காரணம் முன்பணமாயின், எட்டாம் வகுப்பைக் கடக்கும் பிள்ளையின் குடும்பத்திற்கு வட்டியில்லாக் கடன் அளித்து அச்சுமையை மாற்றலாம். பொதுத் தேர்வு எழுதும் பிள்ளையைத் தேர்வு முடியும் வரை தறியில் அமர்த்துவதில்லை என்று முதலாளிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் உறுதி கொள்ளலாம். நெசவு இழிந்த தொழில் என்று நாம் கூறவில்லை. கற்ற பின் தறியைத் தேர்ந்துகொள்பவன் கலைஞன். வேறு வழியின்றி அதில் அமர்த்தப்படும் சிறுவனுக்குத் தேர்ந்துகொள்ளும் உரிமையே இல்லாமற் போகிறது.

நிறைவாக

ஆண்டு விழா மேடைகளில் நாம் தேர்ச்சி விழுக்காட்டை அறிவித்துக் கைதட்டுகிறோம். அதனோடு சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பில் இருந்தவர் எத்தனை பேர், அவருள் இவ்வாண்டு ஏழாம் வகுப்புக்கு வந்தவர் எத்தனை பேர், வாராதவர் எங்கே என்னும் மூன்று வினாக்களையும் கேட்போமாக. விடை கூற வேண்டியவர் தலைமையாசிரியர் மட்டும் அல்லர், நாம் அனைவருமே.

ஆரணி நெசவாளர் தறியில் ஓரிழை அறுந்தால் நாடாவை நிறுத்துவர். அவ்விழையைத் தேடி எடுத்து முடிச்சிட்ட பின்னரே மேலே நெய்வர். அறுந்த இழையை விட்டுவிட்டு நெய்த சேலையில் குறை பின்னர் எப்படியும் தெரிந்துவிடும் என்பதை அவர்கள் அறிவர். அந்தக் கவனத்தை அவர்களின் பிள்ளைகள் பெயர் எழுதிய பதிவேட்டின்மீது நாமும் செலுத்துதல் கடமையாகும்.